இயற்பியல் ஆசிரியர் வான்படம் எடுக்க எந்தக் கருவி வாங்கலாம்?

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துபவர் வான்படக் கருவி வாங்கும்போது, மற்ற ஆர்வலர்களுக்கு இல்லாத ஒரு தேவை அவருக்கு உண்டு. படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. மறுநாள் வகுப்பில் அதை வைத்து ஏதாவது ஒன்றை அளக்கவும் முடிய வேண்டும். அளக்க முடிந்தால் அது கேப்ளர் விதிக்கோ கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) பாடத்துக்கோ செய்முறையாகிவிடும். முடியாவிட்டால் சுவரில் ஒட்டும் படமாகவே நின்றுவிடும்.

பெரும்பாலோர் நான்கு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள்: முக்காலியில் பொருத்திய பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா, அதே கேமராவுக்கு ஒரு டிராக்கர் (வானம் நகரும் வேகத்துக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி), சீஸ்டார் போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப், 6 அல்லது 8 அங்குல டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் ஆடித் தொலைநோக்கி). இந்த நான்கையும் தமிழ்நாட்டு வானத்துக்கும் பள்ளி நாள்காட்டிக்கும் பொருத்திப் பார்ப்போம். நம் அட்சரேகை 8 முதல் 13½ பாகைக்குள் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட வாங்கும் வழிகாட்டிகள் இங்கே பல இடங்களில் பொருந்தாமல் போவதற்கு அதுவே காரணம்.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. ஒரு பிக்சல் வானில் எத்தனை ஆர்க்செகண்டை (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அடைக்கிறது என்று அறிய, பிக்சலின் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 206-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுக்க வேண்டும். கேனான் 1500டி போன்ற 24 மெகாபிக்சல் கேமராவில் பிக்சல் சுமார் 3.7 மைக்ரோமீட்டர். 18 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலுக்கு 43 ஆர்க்செகண்ட், 50 மி.மீ.யில் 15, 250 மி.மீ.யில் 3. வான நடுவரை (பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகே உள்ள விண்மீன் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஆகவே 50 மி.மீ. லென்ஸில் நொடிக்கு ஒரு பிக்சல் இழுபடும். கீழே வரும் முடிவுகள் பலவும் இந்த எண்களிலிருந்துதான் பிறக்கின்றன.

முக்காலியும் பழைய கேமராவும்

நான்கில் மலிவானது இதுதான். பலர் இதை 'தொடக்கநிலை' என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். ஆசிரியரைப் பொறுத்தவரை அது தவறான கணக்கு. பாடத்திட்டத்துக்கு அதிகம் பயன்படும் படங்களை எடுப்பது இதுதான், அதுவும் பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்தே.

முதலில் சூரியன், ஏனென்றால் அது பள்ளி நேரத்திலேயே இருக்கிறது. 250 மி.மீ. லென்ஸில் சூரியனின் பிம்பம் சுமார் 2.3 மி.மீ. விட்டம், அதாவது 620 பிக்சலுக்கு மேல். பெரிய கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரிய அது போதும். லென்ஸின் முன்பக்கம் முழுவதையும் மூடும்படி சூரிய ஃபிலிம் பொருத்த வேண்டும். பாடர் நிறுவனத்தின் ஃபிலிம் இரண்டு வகையில் வருகிறது. ஒளியடர்த்தி 5.0 உள்ளது கண்ணால் பார்க்கவும் ஏற்றது, ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். 3.8 உள்ளது படம் எடுக்க மட்டுமே. மாணவர்கள் சுற்றி நிற்கும் இடத்தில் 3.8 இருக்கவே கூடாது, யாராவது வியூஃபைண்டரில் கண்ணை வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஃபிலிமை மின்விளக்குக்கு நேராகப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று தூக்காதபடி அட்டைச் சட்டத்தை லென்ஸோடு சேர்த்து டேப் ஒட்ட வேண்டும். ஃபிலிம் சற்றுச் சுருங்கித் தளர்வாக இருந்தால் கெடுதல் இல்லை. இறுக்கி இழுத்தால்தான் பிம்பம் கெடும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 1/500 நொடியில் தொடங்கி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

இதில் பலர் சறுக்கும் இடம் திசை. இன்று எடுத்த படமும் நாளை எடுத்த படமும் ஒரே கோணத்தில் இராது. கேமராவை அசைக்காமல் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்தால் சூரியன் தன் விட்டத்தில் ஏறக்குறைய பாதி நகர்ந்திருக்கும். இரண்டு மையங்களையும் இணைக்கும் கோடுதான் கிழக்கு–மேற்கு. அதன்பின் சூரிய அச்சின் அன்றைய சாய்வைச் சேர்த்துத் திருப்பிக்கொண்டால், வடக்கு–தெற்கு நடுக்கோட்டிலிருந்து புள்ளியின் தூரத்தைச் சூரிய ஆரத்தால் வகுத்து அதன் சைன் தலைகீழ் எடுக்கலாம். சூரிய நடுவரைக்கு அருகில் உள்ள புள்ளிக்கு அது நேராகத் தீர்க்கரேகைக் கோணத்தைத் தரும். நாளுக்குச் சுமார் 13 பாகை நகர்வதும், 27 நாள் சுழற்சியும் வந்து நிற்கும். பூமியின் ஓட்டத்தைக் கழித்தால் 25 நாள் சொச்சம். 1899-இல் தொடங்கப்பட்டு, நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் பார்த்துவரும் கொடைக்கானல் ஆய்வகம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அதன் பழைய படங்களோடு சேர்த்துக் காட்டினால் வகுப்புக்குக் கூடுதல் பலம்.

அடுத்தது நிறமாலை. பிளஸ் டூ செய்முறையில் நிறமாலைமானியும் கீற்றணியும் ஏற்கெனவே இருக்கின்றன. மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட கீற்றணி ஒன்றை 50 மி.மீ. லென்ஸின் முன் பொருத்தினால், ஹைட்ரஜனின் எச்-பீட்டா கோடும் (486.1 நா.மீ.) எச்-காமா கோடும் (434.0 நா.மீ.) படத்தில் 70 பிக்சல் தள்ளி விழும். பிக்சலுக்கு 0.74 நா.மீ. ஆய்வகத்தில் இருக்கும் மில்லிமீட்டருக்கு 600 கோடு கீற்றணியையும் பயன்படுத்தலாம். ஆனால் அது எச்-பீட்டாவை 17 பாகை விலக்கிவிடும். 50 மி.மீ. லென்ஸில் விண்மீனும் நிறமாலையும் ஒரே சட்டத்தில் அடங்குவது கடினம், 18–24 மி.மீ.க்கு இறங்க வேண்டும். ஒளியும் பல மடங்கு பரவிவிடுவதால் சிரியஸ் போன்ற மிகப் பொலிவான விண்மீனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கே முக்காலி நகராமல் நிற்பதே நமக்கு உதவி. விண்மீன் கிழக்கிலிருந்து மேற்காக இழுபடுகிறது. நிறமாலை வடக்கு–தெற்காக விழும்படி கீற்றணியைத் திருப்பி வைத்தால், 20 நொடித் திறப்பில் மெல்லிய கோடாக இருந்த நிறமாலை ஏறக்குறைய 20 பிக்சல் அகலப் பட்டையாகிவிடும். உறிஞ்சு கோடுகள் குறுக்கே கறுப்பாகத் தெரியும். கீற்றணியைத் தவறான திசையில் வைத்தால் அதே இழுபடல் கோடுகளை எல்லாம் அழித்துவிடும். குவியத்தை விண்மீனில் பார்த்து நிறுத்தாமல், நிறமாலையின் நீலப் பகுதியில் சரிசெய்ய வேண்டும். எச்-ஆல்பா (656.3) சாதாரண கேமராவில் மங்கலாகத்தான் வரும், சென்சார் முன் உள்ள வடிகட்டி அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மாலை வானில் சிரியஸும் திருவாதிரையும் ஒருசேர நிற்கின்றன. ஒன்றில் ஹைட்ரஜன் கோடுகள், மற்றதில் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள். வெப்பநிலை மாறினால் நிறமாலை எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று பள்ளியில் காட்ட முடியாது.

வியாழனின் நிலவுகளுக்கும் டெலஸ்கோப் கட்டாயமில்லை. 250 மி.மீ. லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 3200, அரை நொடி போதும். வியாழன் வெளுத்துப்போன வட்டமாக இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அயோ அதிகபட்சம் 45 பிக்சல், கலிஸ்டோ 200 பிக்சல் வரை விலகி நிற்கும். இரண்டு மூன்று வாரம் மேகமில்லாத இரவுகளில் எல்லாம் எடுத்து, பக்கவாட்டுத் தூரத்தை நாளுக்கு எதிராக வரைந்தால் சைன் வளைவு வரும். கனிமீடு, அயோ இரண்டின் சுற்றுக்காலங்கள் 7.155, 1.769 நாட்கள், விகிதம் 4.04. சுற்றுப்பாதை ஆரங்களின் விகிதம் 2.54. அதன் மூன்றாம் படியின் வர்க்கமூலமும் 4.04. மாணவர்கள் தாங்களே எடுத்த படத்திலிருந்து இது வரும்போது பதினொன்றாம் வகுப்பு ஈர்ப்பியல் பாடம் வேறு மாதிரி ஏறும். படமெடுக்கும் வாரங்களில் ஜூம் லென்ஸை எப்போதும் 250-இன் கடைசி வரை திருப்பி வைக்க வேண்டும். இடையில் 230-இல் நின்றால் எல்லாத் தூரங்களும் கெட்டுப்போகும்.

இந்த வழியால் முடியாதது மங்கலான நெபுலாக்களும் விண்மீன் திரள்களும்தான். '500-ஐக் குவியத் தூரத்தால் வகு' என்ற பழைய விதி ஃபிலிம் காலத்தது. 18 மி.மீ. லென்ஸுக்கு, இந்தக் கேமராவின் சிறிய சென்சாருக்கான 1.6 மடங்கையும் சேர்த்தால், அது 17 நொடி தரும், 24 மெகாபிக்சல் சென்சாரில் அது ஆறு பிக்சல் இழுபடல். 8–10 நொடியில் நிறுத்தி, நூறு படம் எடுத்து, சீக்வேட்டர் அல்லது சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே (ஸ்டாக்) சரி. இரண்டும் இலவசம்.

டிராக்கர்

ஸ்டார் அட்வென்ச்சரர், ஸ்கைகைடர் ப்ரோ போன்றவை சுமார் 5 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். நடைமுறையில் அதில் பாதியோடு நிறுத்தினால்தான் படம் நிலைக்கும். கேமராவும் 135 மி.மீ. லென்ஸும் என்றால் பொருத்தம். ஓரியன் நெபுலா, கார்த்திகைக் கூட்டம், ஆண்ட்ரோமீடா, பால்வீதியின் மையம் எல்லாம் ஒரு நிமிடத் திறப்பில் வரும். அழகுக்காகப் படம் எடுப்பவருக்கு இதுவே மிக நிறைவான வழி என்பது என் கருத்து.

சிக்கல் துருவ நட்சத்திரம், டிராக்கரின் அச்சை அதை நோக்கித்தான் வைக்க வேண்டும். சென்னையில் அது 13 பாகை உயரத்தில், கன்னியாகுமரியில் 8 பாகையில். அடிவானப் புழுதி, தென்னை, மாடி வீடுகள் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. கடலோர ஊர்களில் பல இரவுகள் அது கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது சிக்கல், அச்சு ஏறக்குறைய படுத்த நிலையில் இருப்பதால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிப்பது. வாங்கும் முன் அந்த மாடலின் குறைந்தபட்ச அட்சரேகை எவ்வளவு என்று கேட்க வேண்டும். முக்காலியின் ஒரு காலை நேர் தெற்கே வைத்து, தண்டு இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கே இறங்கும்படி அமைத்தால் இடிப்பது பெரும்பாலும் தீரும். சிறிய உயர்த்தித் துண்டும் உதவும்.

துருவச் சீரமைப்பில் எவ்வளவு பிழை தாங்கும் என்று கணக்கிட்டால் பயம் குறையும். அச்சு ஒரு ஆர்க்நிமிடம் (பாகையில் 60-இல் ஒரு பங்கு) விலகினால் விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 ஆர்க்செகண்ட் நழுவும். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து 38 ஆர்க்நிமிடம் போல விலகியிருக்கிறது. அதையே துருவம் என்று வைத்துக்கொண்டால்கூட நிமிடத்துக்கு 10 ஆர்க்செகண்ட் நழுவல். 135 மி.மீ. லென்ஸில் பிக்சலுக்கு 5.7 ஆர்க்செகண்ட் என்பதால் அது இரண்டு பிக்சலுக்குள் அடங்கும். 30 நொடித் திறப்பு என்றால் ஒரு பிக்சலுக்குள். ஆகவே 135 வரை துருவ நோக்கியில் துல்லியம் தேடி அரை இரவைச் செலவழிக்க வேண்டாம். 300 மி.மீ.க்குப் போனால் கதை வேறு. துருவம் தெரியாத இடத்தில், தெற்கே வான நடுவரை அருகே ஒரு விண்மீனை வைத்து அது வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று பார்த்து அச்சைத் திருத்தும் பழைய முறையே கைகொடுக்கும்.

டிராக்கரின் முழுப் பயன் இருண்ட வானத்தில்தான். ஜவ்வாது மலை, கொல்லிமலை, மேகமலைப் பக்கம் மாதம் ஒரு முறையாவது போக முடிகிறவருக்கு வாங்கலாம். இரவில் மூடப்படும் வனச் சோதனைச்சாவடிகள் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியை விட்டு நகர முடியாதவருக்கு இது பணத்துக்கேற்ற பலன் தராது. வகுப்புக்கு இது தருவதும் குறைவு: விண்மீன் நாள் 23 மணி 56 நிமிடம், சூரிய நாள் 24 மணி என்ற வேறுபாட்டை டிராக்கரின் இரண்டு வேகங்களையும் மாற்றிக் காட்டலாம், அவ்வளவே.

ஸ்மார்ட் டெலஸ்கோப்

2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 இந்தப் பொழுதுபோக்கின் முகத்தையே மாற்றிவிட்டது. 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத் தூரம், 2.5 கிலோ எடை. கைபேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் பிடித்து, 10 நொடிப் படங்களாக அடுக்கிக்கொண்டே போகும். உள்ளேயே இரட்டைப் பட்டை வடிகட்டி இருப்பதால் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு நடுவிலும் ஓரியன் நெபுலா எழும்பி வரும். பள்ளி மைதானத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் திரையில் காட்ட இதற்கு ஈடு இல்லை.

குறை இரண்டு. ஒன்று, கோள்கள். 50 மி.மீ. துளையின் பிரிதிறன் ராலே நிபந்தனைப்படி 2.8 ஆர்க்செகண்ட். பிக்சலுக்கு 2.4 ஆர்க்செகண்ட் என்பதால், 45 ஆர்க்செகண்ட் அகல வியாழன் 19 பிக்சல் புள்ளி. சனி வளையம் பார்க்கலாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு இதை எடுத்துக்கொண்டு போகக்கூடாது.

இரண்டாவது, புல சுழற்சி. இது மேலும் கீழுமாக, பக்கவாட்டாக நகரும் வகை. அப்படிப்பட்ட கருவியில் விண்மீன்கள் மையத்தைச் சுற்றிச் சுழலும். அதன் வேகம் அட்சரேகையின் கொசைனைப் பொறுத்தது, அதனால் நம் ஊரில் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கிறது. ஓரியன் நெபுலா சென்னையில் உச்சிவட்டத்தைக் கடக்கும்போது 71 பாகைக்கு மேல் உயரத்தில் நிற்கும். அப்போது மணிக்கு 46 பாகை வேகத்தில் சட்டம் சுழலும். 10 நொடியில் மூலை விண்மீன்கள் இரண்டரை பிக்சல் வளைந்து கோடாகும். மென்பொருள் அந்தப் படங்களைத் தூக்கி எறியும், ஒரு மணி நேரம் வைத்தும் பாதிதான் தேறியது என்று புகார் எழும். மூன்று மணி நேரம் முன்பே, நெபுலா கிழக்கே 42 பாகையில் இருக்கும்போது எடுத்தால் சுழற்சி மணிக்கு ஆறரை பாகைதான். ஏழில் ஒரு பங்கு. ஆகவே இந்தக் கருவிக்கு நம் ஊரில் விதி எளிது: இலக்கு நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ இருக்கும்போது எடு, உச்சிக்கு ஏறியதும் வேறு இலக்குக்கு மாறு. சாய்வுத் தளத்தில் வைத்துத் துருவ அச்சில் ஓட்டும் வசதியும் பின்னர் வந்தது. ஆனால் டிராக்கருக்குச் சொன்ன துருவத் தொல்லை அப்படியே திரும்பி வரும்.

வகுப்புக்குப் பயன்பட, அமைப்பில் 'தனித்தனிப் படங்களைச் சேமி' என்பதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் ஒரே ஒரு அழகுபடுத்திய படம்தான் கையில் இருக்கும், அதை அளக்க முடியாது. தனிப் படம் ஒன்று 4 எம்.பி., மணிக்கு 1.5 ஜி.பி. ஆகும். 1, 4, 16, 64 என்று அடுக்கி, விண்மீன் இல்லாத ஒரு சதுரத்தில் பிக்சல் மதிப்புகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிடச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறையும். 'அளவீட்டை n முறை திரும்பச் செய்' என்று பிழைப் பகுப்பாய்வில் எழுதிப் போடுவதன் பொருள் அங்கே கண்ணால் தெரியும். 64-ஐத் தாண்டினால் எதிர்பார்த்த அளவு குறையாமல் நிற்கக்கூடும். சென்சாரின் நிலையான கறைகள் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருப்பதே காரணம், அதையும் விளக்க வேண்டும்.

டாப்சோனியன்

8 அங்குல, 1200 மி.மீ. டாப்சோனியனின் பிரிதிறன் 0.7 ஆர்க்செகண்டுக்குள். நிலாப் பள்ளங்கள், சனி வளையம், வியாழன் பட்டைகள் எல்லாவற்றிலும் இதை அடிக்க மற்ற மூன்றாலும் முடியாது. கண்ணால் பார்க்கும் மாணவன் முகத்தில் வரும் வியப்பு திரையில் பார்ப்பவன் முகத்தில் வராது, இதை அழுத்திச் சொல்வேன். ஆனால் படக் கருவியாக இது ஓர் எல்லைக்குட்பட்டது. 10 மி.மீ. கண்வில்லையில் 120 மடங்கு உருப்பெருக்கம், பார்வைப் புலம் 0.43 பாகை. தள்ளாமல் விட்டால் கோள் 104 நொடியில் புலத்தைக் கடந்துவிடும். நாற்பது பேர் வரிசை என்றால் ஒவ்வொருவருக்கும் இடையில் ஆசிரியர் குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசிப் பிடிப்பான் வைத்து நிலாவை எடுக்கலாம். கோளை வீடியோவாக எடுத்து, சிறந்த சட்டங்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட்டில் அடுக்கலாம். ஆடிச் சீரமைப்பை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சரிபார்க்க வேண்டும்.

மோட்டார் பூமத்திய மவுண்ட்டும் ரிஃப்ராக்டரும் சேர்ந்த பெரிய அமைப்பை இங்கே விரித்து எழுதவில்லை. வழிகாட்டிக் கேமரா, பேட்டரி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரத்தை அமைப்பதற்கே விழுங்கும். காலை எட்டரைக்குப் பள்ளியில் நிற்க வேண்டியவருக்கு அது முதல் கருவி ஆகாது.

எதை வாங்குவது

முதல் ஆண்டு பழைய கேமரா, உறுதியான முக்காலி, 5.0 சூரிய ஃபிலிம், 100 கோடு கீற்றணி. இந்த நான்கும் சேர்ந்தாலும் மற்ற வழிகளின் செலவைத் தொடாது. முக்கியமாக, பின்னால் டிராக்கர் வாங்கினால் இதில் எதுவும் வீணாகாது. இரண்டாவது ஆண்டு ஊருக்குள்ளேயே இருப்பவர் ஸ்மார்ட் டெலஸ்கோப், மலைக்குப் போகிறவர் டிராக்கர். பள்ளி நிதியில் வாங்குவதானால் டாப்சோனியன். ஃபர்ம்வேர், பேட்டரி, செயலி எதையும் நம்பி இராத கருவி, அடுத்த ஆசிரியருக்கும் அடுத்த தலைமுறைக்கும் பயன்படும். இந்த வரிசையை மாற்ற ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு. வானியல் மன்றம் ஏற்கெனவே இயங்கும் பள்ளி என்றால் ஸ்மார்ட் டெலஸ்கோப்பை முதலிலேயே வாங்கலாம்.

வாங்கும் மாதத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தெளிந்த இரவுகள் ஜனவரியில் தொடங்குகின்றன, மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிடும். ஆகவே அரையாண்டு விடுமுறைக்கு முன்பே கருவி கையில் இருந்து பழகியிருக்க வேண்டும்.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கையோடு விடாமல், மூடியைப் போட்டு ஐ.எஸ்.ஓ. 1600-இல் 30 நொடி ஒரு கறுப்புப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஆங்காங்கே சில பொட்டுகள் இயல்பு, கொத்துக் கொத்தாகச் சிவப்பும் நீலமும் தெரிந்தால் வேண்டாம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி நூல் போலத் தெரியும். கடலோர மாவட்டங்களில் விற்பனைக்கு வரும் லென்ஸ்களில் இது சாதாரணம், விலை குறைத்துத் தந்தாலும் எடுக்கக்கூடாது. வாங்கிய பின் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திக்கொள்ள வேண்டும்.